யூரிக் அமிலம் கூடினால் கால் விரலை மட்டும் பார்க்காதீர்கள்: மலையகத்தாருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

தீபாவளி முடிந்து நாலைந்து நாள் போனதும் எங்கள் பரிசோதனைக் கூடத்துக்கு நொண்டிக்கொண்டு வருகிறவர்கள் கூடிவிடுவார்கள். ஒரு காலில் சப்பாத்து, மற்றக் காலில் பழைய ரப்பர் செருப்பு. பெருவிரல் அடிமூட்டு செக்கச்சிவந்து மினுங்கும். முற்பணம் கிடைத்த கையோடு ஆட்டிறைச்சி, ஈரல், சாராயம், பிள்ளைகளுக்கென்று வாங்கிய பெரிய சோடாப் போத்தலில் பாதி. இரவு இரண்டு மணிக்குப் போர்வை பட்டாலே உயிர் போகிற வலி வந்தது என்பார்கள்.

ஹட்டன் பக்கம் பதினாறு வருடமாக இரத்தம் எடுக்கிறேன். ரிப்போர்ட்டைக் கையில் கொடுத்ததும் எல்லோருடைய கண்ணும் ஒரே வரிக்குத்தான் போகும். யூரிக் அமிலம், பக்கத்தில் 'கூட' என்று காட்டும் நட்சத்திரக் குறி. அடுத்த கேள்வியும் எப்போதும் ஒன்றுதான்: "பருப்ப நிப்பாட்டணுமா?"

என் அப்பாவும் அதைத்தான் கேட்டார். அவருக்கு 8.4 இருந்தது. யாரோ சொன்னதைக் கேட்டு இரண்டு வருடம் பருப்பைத் தொடவில்லை. வலி வரும்போதெல்லாம் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டார். அந்த இரண்டு வருடத்தில் அவருடைய பிரஷரை யாரும் அளந்து பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. 57 வயதில் மாரடைப்பு வந்தது. பிழைத்துக்கொண்டார். வார்டில் சேர்த்த அன்று எழுதிய குறிப்பில் பிரஷர் 170க்கு 100, வெறும் வயிற்றுச் சீனி 148. அந்த நட்சத்திரக் குறிக்குப் பக்கத்தில் இன்னும் ஐந்து அளவைச் சேர்த்துப் பார்த்திருந்தால் முன்பே தெரிந்திருக்கும். அந்த ஐந்து அளவை எப்படிப் பார்ப்பது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். மருந்தைத் தீர்மானிக்க வேண்டியவர் வைத்தியர். அவரிடம் எதைக் கொண்டுபோவது, வீட்டில் எதை மாற்றுவது என்பதை நாம் பார்த்துக்கொள்ளலாம்.

முதல் படி: இது எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

உடம்பின் பழைய செல்கள் அழியும்போது பியூரின் என்ற பொருள் வெளிப்படும். இறைச்சி, மீன் போன்ற சாப்பாட்டிலும் அது உண்டு. அது உடைந்து கடைசியில் யூரிக் அமிலமாகிறது. பெரும்பாலான மிருகங்களுக்கு அதை மேலும் உடைத்துக் கரைக்கிற யூரிகேஸ் என்ற நொதியம் இருக்கிறது, மனிதருக்கு இல்லை. நம் உடம்பில் சேரும் யூரிக் அமிலத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை உடம்பே உண்டாக்குகிறது. சாப்பாட்டிலிருந்து வருவது மூன்றில் ஒரு பங்குதான். வெளியே போவதில் பெரும்பகுதி சிறுநீரகம் வழியாகவும் மீதி குடல் வழியாகவும் போகிறது. அளவு கூடியிருக்கிற பெரும்பாலானோருக்குப் பிரச்சினை சிறுநீரகம் போதிய அளவு வெளியே தள்ளாததுதான். ஆகவே சாப்பாட்டை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது சரியில்லை.

37 பாகை செல்சியஸ் சூட்டில், ஒரு டெசிலீட்டர் இரத்தத்தில் சுமார் 6.8 மில்லிகிராம் வரைதான் அது கரைந்து நிற்கும். அதற்கு மேல் போனால் ஊசி போன்ற படிகங்களாகப் படியலாம். கொதிக்கிற தேத்தண்ணியில் சட்டென்று கரையும் சீனி பச்சைத் தண்ணீரில் அடியில் தங்குகிறதல்லவா, அதே கதைதான். உடம்பில் அதிகம் குளிர்ந்து கிடக்கும் இடங்களில் ஒன்று கால் பெருவிரல். 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிற நுவரெலியாவில் தை மாத இரவில் கால் எப்படி விறைக்கும் என்று நமக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. படுக்கும்போது கம்பளிக் காலுறை போட்டுக்கொள்வது செலவில்லாத நல்ல பழக்கம்.

இரண்டாம் படி: பரிசோதனையைச் சரியாகச் செய்யுங்கள்

யூரிக் அமிலத்துக்கு மட்டும் என்றால் வெறும் வயிறு கட்டாயமில்லை. ஆனால் அதை மட்டும் பார்க்க வராதீர்கள். வெறும் வயிற்றுச் சீனி, கொலஸ்டரோல் முழுப் பரிசோதனை, சிறுநீரகத்தின் வேலையைக் காட்டும் கிரியேட்டினின் மூன்றையும் சேர்த்துச் செய்யுங்கள். அதற்கு இரவுச் சாப்பாட்டுக்குப் பின் 10 முதல் 12 மணித்தியாலம் எதுவும் சாப்பிடாமல் வர வேண்டும். பச்சைத் தண்ணீர் குடிக்கலாம். சீனி போட்ட தேத்தண்ணி கூடாது. "ஒரு வாய்தான் குடிச்சேன்" என்று காலையில் நிறையப் பேர் சொல்கிறார்கள், அந்த ஒரு வாயும் கணக்கில் வரும். முதல் நாள் சாராயம், பியர் வேண்டாம்.

கால் வீங்கியிருக்கும் நேரத்தில் எடுத்த ரிப்போர்ட்டை முடிவாக எடுக்காதீர்கள். வலி உச்சத்தில் இருக்கும்போது யூரிக் அமிலம் சாதாரண அளவிலேயே காட்டுவதுண்டு. வலி அடங்கி இரண்டு முதல் நாலு கிழமைக்குப் பிறகு திரும்பச் செய்து பாருங்கள்.

அளவு எந்தக் கணக்கில் இருக்கிறது என்பதையும் கவனியுங்கள். சில கூடங்கள் மில்லிகிராமில் தரும், சில மைக்ரோமோலில் தரும். பொகவந்தலாவைப் பக்கத்திலிருந்து வந்த ஓர் அம்மா 420 என்ற இலக்கத்தைப் பார்த்து வாங்கிலில் உட்கார்ந்து அழுதுவிட்டார். 59.5ஆல் வகுத்தால் அது 7.1. பொதுவாக ஆண்களுக்கு 7 வரையும் பெண்களுக்கு 6 வரையும் சாதாரணம் என்று எடுப்பார்கள். மாதவிடாய் நிற்கும் வரை பெண்ணின் ஹார்மோன் யூரிக் அமிலத்தை வெளியே தள்ள உதவும். நின்றபின் அந்தத் துணை போய்விடும். "இது ஆம்பளைங்க வியாதி" என்று 55 வயது அம்மாமார் அசட்டையாக இருக்க வேண்டாம்.

மூன்றாம் படி: மற்ற ஐந்து அளவுகளையும் பக்கத்தில் வையுங்கள்

ஒரு கொப்பி எடுத்து, ஒரு பக்கத்தில் இவற்றை எழுதுங்கள். இரத்த அளவுகள் எல்லாம் டெசிலீட்டருக்கு மில்லிகிராம் கணக்கில்.

இடுப்பளவு: ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80 அல்லது அதற்கு மேல். தெற்காசியருக்கான எல்லை இது. வெள்ளைக்காரருக்கு இதைவிடக் கூட.
பிரஷர்: 130க்கு 85 அல்லது மேல்.
வெறும் வயிற்றுச் சீனி: 100 அல்லது மேல்.
ட்ரைகிளிசரைட் என்ற இரத்தக் கொழுப்பு: 150 அல்லது மேல்.
எச்.டி.எல். என்ற நல்ல கொலஸ்டரோல்: ஆணுக்கு 40க்குக் கீழ், பெண்ணுக்கு 50க்குக் கீழ்.

இந்த ஐந்தில் எந்த மூன்று இருந்தாலும் அதற்கு மெட்டபோலிக் சின்ட்ரோம் என்று பெயர். பிரஷருக்கோ சீனிக்கோ ஏற்கெனவே மருந்து குடிக்கிறவர் அந்த வரியில் ஒன்று என்று போட்டுக்கொள்ள வேண்டும்.

இடுப்பளவை எடுப்பதில்தான் எல்லோரும் பிழை விடுகிறார்கள். காற்சட்டை அளவைச் சொல்வார்கள். அது தொப்பைக்குக் கீழே கட்டுகிற அளவு. தையல்காரரிடம் இருக்கும் நாடாவை எடுங்கள். விலா எலும்பின் கடைசி விளிம்பையும் இடுப்பெலும்பின் மேல் விளிம்பையும் விரலால் தொட்டுப் பார்த்து, இரண்டுக்கும் நடுவில், துணிக்கு மேல் அல்லாமல் தோலில் படும்படி சுற்றுங்கள். மூச்சை வெளியே விட்டபின் பாருங்கள். வயிற்றை உள்ளே இழுக்கக் கூடாது. 34 அங்குலக் காற்சட்டை போடுகிற என் அப்பாவுக்கு இப்படி அளந்தபோது 101 சென்டிமீட்டர் வந்தது. மெலிந்த கை, மெலிந்த கால், வயிறு மட்டும் முன்னுக்கு. நம் ஆட்களில் பாதிப்பேரின் உடல்வாகு இதுதான்.

வயிற்றுக்கும் கால் விரலுக்கும் என்ன தொடர்பு? வயிற்றுக்குள் கொழுப்பு சேரச் சேர இன்சுலின் சொன்னபடி உடம்பு கேட்பதில்லை. கேட்க வைப்பதற்காகக் கணையம் இன்னும் இன்சுலினைச் சுரக்கிறது. இரத்தத்தில் இன்சுலின் கூடினால் சிறுநீரகம் யூரிக் அமிலத்தையும் உப்பையும் வெளியே விடாமல் திரும்ப இழுத்துக்கொள்கிறது. ஒன்று விரலில் படிகிறது, மற்றது பிரஷரை ஏற்றுகிறது. சீனி, கொழுப்பு, பிரஷர், யூரிக் அமிலம் நாலும் பல பேருக்குச் சேர்ந்தே கூடுவதற்கு இது ஒரு முக்கிய காரணம்.

அப்படியானால் யூரிக் அமிலத்தை மருந்தால் இறக்கினால் மாரடைப்பைத் தடுக்கலாமா? வைத்திய உலகம் பல வருடம் இதைக் கேட்டது. அளவு கூடியவர்களுக்கு இதய நோயும் பக்கவாதமும் சிறுநீரக நோயும் அதிகம் வருவது உண்மை. ஆனால் 1999இல் வெளிவந்த அமெரிக்காவின் பிரேமிங்ஹாம் ஆய்வு, மற்றக் காரணங்களைக் கழித்துப் பார்த்தால் யூரிக் அமிலம் தனியாக நின்று இதய நோயை உண்டாக்குவதாகத் தெரியவில்லை என்றது. 2022இல் பிரித்தானியாவின் ஆல்-ஹார்ட் ஆய்வில், கௌட் (யூரிக் அமிலப் படிகத்தால் வரும் மூட்டுவலி) இல்லாத ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட இதய நோயாளிகளைச் சேர்த்து, ஒரு பாதிக்கு மட்டும் யூரிக் அமிலத்தை இறக்கும் அலோபியூரினோல் கொடுத்துப் பார்த்தார்கள். மாரடைப்போ பக்கவாதமோ குறையவில்லை. ஆகவே வலியே இல்லாத ஒருவர் 7.6க்குப் பயந்து இதயத்துக்காக மாத்திரை கேட்க வேண்டியதில்லை. அவர் செய்ய வேண்டியது மற்ற ஐந்து அளவுகளைப் பார்த்து, கூடியதைக் குறைப்பது.

கௌட் வந்தவருக்கு இன்னுமொரு எச்சரிக்கை. 2022இல் வெளியான இன்னொரு பிரித்தானிய ஆய்வில், கௌட் வலி வந்தபின் முதல் இரண்டு மாதத்தில் மாரடைப்பும் பக்கவாதமும் வழக்கத்தைவிடக் கூடுதலாக ஏற்பட்டது தெரிந்தது. விரல் ஆறிவிட்டது என்று கிளினிக்கைத் தள்ளிப்போடாதீர்கள்.

35 வயது தாண்டியவர்களுக்கு, எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) பிரிவுகளில் ஹெல்தி லைஃப்ஸ்டைல் சென்டர் என்று நடக்கும் நிலையங்களில் பிரஷர், சீனி, நிறை எல்லாம் காசில்லாமல் பார்ப்பார்கள். எந்த நாளில் நடக்கிறது என்று தோட்ட டிஸ்பென்சரியில் கேளுங்கள். அரை நாள் பேர் (சம்பளம்) போகும் என்பது எனக்குத் தெரியும். கணவன் மனைவி இருவரும் ஒரே நாளில் போய்விட்டு வாருங்கள்.

நான்காம் படி: குடிக்கிற மாத்திரைகளைக் கொட்டிப் பாருங்கள்

ஹைட்ரோகுளோரோதயசைட், புரூசிமைட் போன்ற, சிறுநீரைக் கூட்டும் மாத்திரைகள் யூரிக் அமிலத்தை ஏற்றும். இதயத்துக்குக் கொடுக்கும் சிறிய அஸ்பிரினும் கொஞ்சம் ஏற்றும். காசநோய்க்குக் கொடுக்கும் பைராசினமைடும் அப்படியே. மாறாக லோசார்டன் பிரஷரையும் குறைத்து யூரிக் அமிலத்தையும் கொஞ்சம் இறக்கும். சீனி வியாதிக்கு இப்போது கொடுக்கும் எம்பாகிளிஃப்ளோசின் வகையும் இறக்கும். எதையும் நீங்களாக நிறுத்த வேண்டாம், முக்கியமாக அஸ்பிரினையும் காசநோய் மருந்தையும். மருந்து உறைகளை அப்படியே ஒரு பையில் போட்டுக் கொண்டுபோய், "எனக்கு யூரிக் அமிலமும் கூட, இதில் மாற்றக்கூடியது ஏதாவது உண்டா?" என்று கேளுங்கள்.

ஐந்தாம் படி: முதலில் சீனி, பிறகுதான் மற்றவை

நம் வீடுகளில் பெரிய திருத்தம் செய்ய வேண்டிய இடம் தேத்தண்ணிக் கோப்பைதான். தேயிலையில் குற்றமில்லை. சீனியில் பாதி பிரக்டோஸ். ஈரல் பிரக்டோஸை அவசர அவசரமாக எரிக்கும்போது செல்லின் சக்திச் சேமிப்பு கரைந்து, அதன் மிச்சம் யூரிக் அமிலமாகிறது. அதே பிரக்டோஸ் ஈரலில் கொழுப்பாகவும் மாறி ட்ரைகிளிசரைட்டை ஏற்றுகிறது. ஒரே பொருள் இரண்டு வரியைக் கெடுக்கிறது.

கணக்குப் போடுங்கள். பிரட்டுக்கு (காலையில் வேலை பிரிக்கும் இடத்துக்கு) போகும் முன் ஒன்று, பத்து மணிக்கு ஒன்று, மத்தியானம் ஒன்று, மலையிலிருந்து இறங்கி ஒன்று, இரவு ஒன்று. கோப்பைக்கு மூன்று தேக்கரண்டி, தேக்கரண்டிக்கு 4 கிராம் என்றால் நாளுக்கு 60 கிராம். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 50 கிராமுக்குள், முடிந்தால் 25க்குள் நிறுத்தச் சொல்கிறது. பிஸ்கட்டும் சோடாவும் இதில் சேரவில்லை.

ஒரே நாளில் நிறுத்தச் சொன்னால் யாரும் கேட்கமாட்டார்கள். எங்கள் வீட்டில் செய்தது இது: கேத்தலில் சீனி போடுவதை நிறுத்தினோம். ஆச்சி காலத்துப் பழக்கம் போல வெறும் தேத்தண்ணியை ஊற்றி, உள்ளங்கையில் அரைத் தேக்கரண்டி சீனியை வைத்து நக்கிக்கொண்டு குடித்தோம். நாக்குக்கு இனிப்பு கிடைக்கும், அளவு ஆறில் ஒன்றாகும். கருப்பட்டியும் கித்துள் வெல்லமும் நல்லது என்று துண்டு துண்டாகக் கடிக்காதீர்கள், அவையும் பெரும்பாலும் சீனிதான். போத்தல் பானங்களில் 2016 முதல் சிவப்பு, மஞ்சள், பச்சை வட்டம் போட்டிருக்கிறார்கள். சிவப்பை வீட்டுக்குள் விடாதீர்கள்.

சாராயம், கசிப்பு, பியர் எல்லாமே கேடு. பியரில் பியூரினும் சேர்ந்திருப்பதால் அது இரட்டைக் கேடு. வலி வந்து ஆறாதவர் முழுதாக நிறுத்துவதே நல்லது.

இறைச்சியில் ஈரல், குடல், மண்ணீரல் வேண்டாம். ஆட்டுக்கால் சூப்பும் வேண்டாம், ஏனென்றால் கொதிக்கும்போது பியூரின் சாற்றில்தான் இறங்குகிறது. நெத்தலிக் கருவாட்டில் பியூரினும் உண்டு, உப்பும் உண்டு. சம்பளம் வருவதற்கு முந்தின கிழமையில் நெத்தலிதான் நம் வீட்டு மரக்கறிச் சட்டிக்கு ருசி என்பது தெரிந்துதான் சொல்கிறேன். வெந்நீரில் கழுவி, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டு, ஒரு கைப்பிடியைக் குடும்பம் முழுவதும் பகிர்ந்துகொள்ளுங்கள். முட்டையில் பியூரின் மிகக் குறைவு. பாலும் தயிரும் யூரிக் அமிலத்தை இறக்க உதவும்.

பருப்பைச் சாப்பிடுங்கள். 2004இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்று 47,150 ஆண்களைப் 12 வருடம் பின்தொடர்ந்தது. இறைச்சியும் கடலுணவும் கூடுதலாகச் சாப்பிட்டவர்களுக்குக் கௌட் கூடியது. பயறு, பருப்பு, கீரை சாப்பிட்டவர்களுக்குக் கூடவில்லை. பால்பொருள் சாப்பிட்டவர்களுக்குக் குறைந்தது. பருப்பை நிறுத்திய அப்பா அந்த இடத்தை எதனால் நிரப்பினார் தெரியுமா? இன்னுமொரு கோதுமை மா ரொட்டியால். பருப்பு போய் மா வந்தால் சீனியும் ட்ரைகிளிசரைட்டும் ஏறும். மூன்று ரொட்டி சாப்பிடுகிறவர் இரண்டாக்கி, தட்டில் பாதியைக் கோவா, போஞ்சி, கரட், வல்லாரைச் சம்பல் என்று நிரப்புங்கள். குரக்கன் மா கலந்தால் இன்னும் நல்லது. கோப்பி குடிக்கிறவர்களுக்கு யூரிக் அமிலம் குறைவாக இருப்பது ஆய்வுகளில் தெரிகிறது. தேயிலைக்கு முன் இந்த மலைகளில் நின்றதும் கோப்பிதான். அதையும் சீனி இல்லாமல் குடித்தால்தான் பயன்.

ஆறாம் படி: தண்ணீர், நிறை, விரதம்

கொழுந்து எடுக்கிற பெண்கள் காலையிலிருந்து தண்ணீர் குடிப்பதில்லை. மலையில் மலசலகூடம் இல்லை, ஒதுங்க இடமில்லை. இது அவர்களுடைய தவறே இல்லை. ஆனால் உடம்பில் தண்ணீர் குறைந்தால் யூரிக் அமிலம் திரளும், சிறுநீரகக் கல்லும் உண்டாகும். நிறுவை நேரத்தில் மடுவத்துக்கு வரும்போது அரை லீட்டர், வீட்டுக்கு வந்ததும் அரை லீட்டர் என்றாவது பழக்குங்கள். நாளுக்கு இரண்டு லீட்டர் இலக்கு. இதயம் பலவீனம், சிறுநீரக நோய் என்று தண்ணீரை மட்டுப்படுத்தச் சொல்லப்பட்டவர்கள் வைத்தியர் சொன்ன அளவிலேயே நிற்க வேண்டும்.

நிறையை மெதுவாகக் குறையுங்கள், மாதத்துக்கு ஒன்றிரண்டு கிலோ போதும். பட்டினி கிடந்தால் யூரிக் அமிலம் ஏறும். கந்தசஷ்டிக்கு ஆறு நாளும் உபவாசம் இருக்கிறவர்கள், கௌட் இருந்தால், தண்ணீரும் பாலும் பழமும் எடுத்துக்கொண்டு விரதம் இருங்கள். முருகன் கோபிக்கமாட்டான்.

ஏழாம் படி: வலி வந்த இரவு

காலை உயர்த்தி வையுங்கள். சூடு ஒத்தடம், எண்ணெய் போட்டு உருவுதல் இரண்டும் வேண்டாம். துணியில் சுற்றிய ஐஸை ஒரு தடவைக்குப் பதினைந்து நிமிடம் வைத்தால் வலி தணியும். குளிரில் படிகம் உண்டாகிறது என்று மேலே சொன்னேன். ஆனால் இப்போது படிகம் ஏற்கெனவே இருக்கிறது, அணைக்க வேண்டியது அழற்சியை. விடிந்ததும் வைத்தியரிடம் போங்கள். கொல்சிசின் மருந்து முதல் நாளிலேயே தொடங்கினால்தான் நன்றாகக் கேட்கும்.

கடையில் வாங்கும் டைக்ளோபெனாக் மாத்திரையும் ஊசியும் பிரஷரை ஏற்றும், சிறுநீரகத்தைக் கெடுக்கும், இதய நோய் உள்ளவருக்கு ஆபத்து. என் அப்பா இரண்டு வருடம் அதைத்தான் விழுங்கினார். காய்ச்சலோ நடுக்கமோ சேர்ந்து வந்தால், அது மூட்டுக்குள் கிருமி புகுந்ததாக இருக்கலாம். அதற்கு விடியும் வரை காத்திருக்கவும் கூடாது.

எட்டாம் படி: தினசரி மருந்து யாருக்கு?

வருடத்துக்கு இரண்டு தடவை அல்லது கூடுதலாக வலி வருகிறவர், காதிலோ விரலிலோ கட்டி வந்தவர், மூட்டு சேதமானவர். முதல் வலியிலேயே சிறுநீரகக் குறைபாடோ, சிறுநீரகக் கல்லோ, 9க்கு மேல் அளவோ இருந்தாலும் வைத்தியர் யோசிப்பார். அலோபியூரினோலை 100 மில்லிகிராமிலோ அதற்குக் குறைவாகவோ தொடங்கி, இரத்தம் பார்த்துப் பார்த்து, 6க்குக் கீழ் வரும் வரை கூட்டுவார்கள். முதல் மாதங்களில் பழைய படிகங்கள் கரைவதால் வலி திரும்ப வரலாம். "மருந்து ஒத்துக்கல" என்று பலரும் நிறுத்துவது அப்போதுதான். நிறுத்த வேண்டாம், வைத்தியரிடம் சொல்லுங்கள். ஒரே ஒரு நிலையில் மட்டும் உடனே நிறுத்த வேண்டும்: தோலில் பொரி, வாய்ப்புண், காய்ச்சல். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

ஒன்பதாம் படி: கொப்பியின் கடைசிப் பக்கம்

அதில் 1990 என்று பெரிதாக எழுதி வையுங்கள். நெஞ்சை அழுத்துகிற வலி, இடது கைக்கோ தாடைக்கோ பரவுவது, குளிர் வியர்வை, திடீரென்று வாய் கோணுவது, ஒரு பக்கக் கை கால் விழுவது, இவற்றில் எது வந்தாலும் அந்த இலக்கத்துக்கு அழைத்தால் சுவ செரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வரும். லயத்துக்குப் போகும் பாதை எது, வண்டி எதுவரை வரும், அடையாளம் என்ன கோவில் என்று இரண்டு வரியில் அதற்குக் கீழேயே எழுதுங்கள். அந்த நேரத்தில் பிள்ளைகளால் வழி சொல்ல முடியாது. நாங்கள் சொல்ல முடியாமல் தவித்தோம்.

மற்றப் பக்கங்களில் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ஆறு அளவையும் திகதியோடு எழுதுங்கள். மருந்தின் அளவு மாறிக்கொண்டிருக்கும் காலத்தில் மாதத்துக்கு ஒரு தடவை யூரிக் அமிலம் பார்க்கச் சொல்வார்கள், 6க்குக் கீழ் நிலைத்தபின் ஆறு மாதத்துக்கு ஒன்று போதும். அப்பாவின் கொப்பியில் போன மாதம் எழுதியது: யூரிக் அமிலம் 5.7, பிரஷர் 128க்கு 80, வெறும் வயிற்றுச் சீனி 104, இடுப்பு 94. இடுப்பு இன்னும் நாலு சென்டிமீட்டருக்கு மேல் இறங்க வேண்டும்.